சமதரை மறைக்கும் பாரம்

கிளிநொச்சியில் வீடு கட்டுகிற ஒருவர் கடைக்குப் போன் எடுத்து, "தம்பி, நூறு பக்கற் சீமெந்து நாளைக்குக் காலமை வேணும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். ஒரு பக்கற் 50 கிலோ. நூறு பக்கற் 5 தொன். அந்த 5 தொன்னும், கூடவே மற்ற ஆட்களுக்கான 15 தொன்னும், இரவு இரண்டு மணிக்கு ஓமந்தைக்கும் புளியங்குளத்துக்கும் இடையில் ஒரு பொடியனின் கால் பிறேக்கில் நிற்குமா நிற்காதா என்ற நிலையில் வந்துகொண்டிருக்கும். பதினொரு வருடம் நானும் அந்த ஆசனத்தில் இருந்தவன். இப்போது வவுனியாவில் ஒரு லொறி யாட்டில் யார் எப்போது எதை ஏற்றிக்கொண்டு போவது என்ற ஒழுங்கைப் பார்க்கிறேன். சாரதிகளுக்கு நேரில் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். சாமான் எடுப்பவர்களும் வீதியில் கூட ஓடுபவர்களும் இதை வாசிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

ஒரு காலத்தில் சீமெந்து வடக்கிலிருந்து தெற்குக்குப் போனது. காங்கேசன்துறை ஆலை 1950இல் தொடங்கி 1990இல் யுத்தத்தோடு நின்றுபோனது. அதன் பிறகு வன்னிக்குள் சீமெந்தும் கம்பியும் தடைசெய்யப்பட்ட பொருட்கள். ஒரு கிணற்றுக் கட்டுக்குச் சீமெந்து கிடைக்காமல் இருந்த ஊர்கள் இவை. 2002இல் கண்டியிலிருந்து வவுனியா வழியாக யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி திறந்தது, 2006இல் திரும்பவும் மூடியது. 2009க்குப் பிறகு மீள்குடியேற்றமும் வீட்டுத்திட்டங்களும் வந்தன. வடகிழக்குக்கு இந்திய வீட்டுத்திட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 46,000 வீடுகள். அவ்வளவுக்கும் சீமெந்து, கம்பி, கல், மணல் எல்லாம் வீதியால்தான் வந்து சேர வேண்டியிருந்தது. எங்கள் வண்டிகளுக்கு முக்கியமான பாதை திருகோணமலைத் துறைமுகப் பக்கம், சீனன்குடாவிலிருந்து தொடங்குகிறது. பன்குளம், ஹொரவப்பொத்தானை, கெப்பித்திகொல்லாவ தாண்டி வவுனியா. அங்கிருந்து ஏ9இல் ஏறி மாங்குளம், கிளிநொச்சி. முல்லைத்தீவுக்கு என்றால் மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் வழி, இல்லாவிட்டால் பரந்தனால் போய்ப் புதுக்குடியிருப்பு வழி.

இந்தப் பாதையில் மலை இல்லை. அபாயமே அதுதான். மலைநாட்டில் ஓடுபவனுக்கு முதல் ஏற்றத்திலேயே வண்டி சொல்லிவிடும், பாரம் கூடிப்போச்சு என்று. கியர் இறங்கும், இஞ்சின் முனகும், இறக்கத்தில் பிறேக் மணக்கும். எங்கள் பக்கம் சமதரை. அளவுக்கு மேல் நாலு தொன் கூட ஏற்றினாலும், வேகம் எடுக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். எடுத்த பிறகு வெறும் வண்டி மாதிரிப் போகும். மாங்குளம் பக்கத்து நேர் வீதியில் ஸ்ரியரிங் ஒரு விரலில் நிற்கும். நிறுத்தப் போகும்போதுதான் அந்த நாலு தொன்னும் தன்னைக் காட்டும்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். பதிவுப் புத்தகத்தில் மொத்த நிறை 25 தொன், வெற்று நிறை 9 தொன் என்று இருந்தால், ஏற்றக்கூடியது 16 தொன். அதாவது 320 பக்கற். ஏற்றுமிடத்தில் நடப்பது வேறு. "அண்ணை, இன்னும் எண்பது பக்கற் போட்டால் அடுத்த ஓட்டம் மிச்சம்" என்று யாராவது சொல்வார்கள். 400 பக்கற் ஏறினால் வண்டி 29 தொன். 16 வீதம்தானே கூட என்று தோன்றும். வீதி அப்படி எண்ணுவதில்லை. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் பரிசோதனைக்கென்றே வீதிகள் போட்டு, அவற்றில் லொறிகளை மாதக்கணக்கில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். அச்சில் விழும் பாரத்தின் ஏறத்தாழ நாலாம் அடுக்குக்கு ஏற்ப வீதி சேதமாகிறது என்பது அதில் கண்டது. பாரம் இரண்டு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு. எங்கள் 16 வீதத்துக்கு ஏறத்தாழ 1.8 மடங்கு. ஒரு ஓட்டத்தை மிச்சம் பிடிக்கப் போய், ஏறத்தாழ இரண்டு ஓட்டத்தின் அடியை வீதிக்குக் கொடுக்கிறோம். அதுவும் எத்தனையோ வருடம் காத்திருந்து கிடைத்த வீதிக்கு.

ஏ9 தாங்கிவிடும் என்றே வைத்துக்கொள்வோம். சாமான் இறங்குவது ஏ9இல் இல்லையே. கிறவல் வீதி, ஒழுங்கை, குளக்கட்டு, பழைய மதகு எல்லாம் தாண்டித்தான் வீட்டுக்காரரின் வளவு. மாரியில் குளக்கட்டால் 29 தொன் போனால் கட்டின் ஓரம் பிளக்கும். அந்தக் குளத்தை நம்பி வயல் செய்பவர்கள் கட்டின் மறுபக்கத்தில்தான் இருக்கிறார்கள். உள்வீதிக்கு என்றால் சந்தியில் இறக்கி, சின்ன வண்டியில் இரண்டு தரமாக உள்ளே கொண்டுபோகச் சொல்லுங்கள். கூலி கொஞ்சம் கூடும். கூடட்டும்.

மணலில் ஏமாறுவது இன்னும் சுலபம். கியூப் கணக்கில் வாங்குகிறோம். ஒரு கியூப் என்றால் 100 கன அடி. காய்ந்த மணல் என்றால் ஏறத்தாழ நாலரைத் தொன். ஆற்றிலிருந்து அள்ளி நீர் வடியாமல் ஏற்றினால் 5 தொன்னைத் தாண்டும். மூன்று கியூப் டிப்பரில், கண்ணுக்குத் தெரியாத ஒன்றரைத் தொன்னுக்கு மேல் தண்ணீர் ஏறியிருக்கும். பின்கதவால் வீதியில் ஒழுகிக்கொண்டு போகும் டிப்பரைக் கண்டால் கொஞ்சம் தள்ளி ஓடுங்கள்.

இனி நிறுத்துகிற விஷயம். 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் போய்விடும். கண் கண்டு கால் பிறேக்குக்குப் போவதற்கே ஒன்று ஒன்றரைச் செக்கன். அதற்குப் பிறகுதான் பிறேக் பிடிக்கத் தொடங்கும். வேகத்தை 80 ஆக்கினால், பிறேக் பிடித்து நிற்கும் தூரம் கிட்டத்தட்ட ஒன்றேமுக்கால் மடங்காகும். இதை வன்னியின் இரவு வீதியில் வைத்துப் பாருங்கள். மாரி காலத்தில் மாடுகள் ஈரத் தரையை விட்டுவிட்டுத் தார் வீதியில் படுத்திருக்கும். கறுத்த மாடு, கறுத்த வீதி. லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரம் பின்லைட் இல்லாமல் போகும். காலபோக அறுவடை முடிந்தால் வீதியின் ஒரு பாதியில் நெல் காயும், பக்கத்தில் ஒரு அம்மா குந்தியிருந்து கிளறிக்கொண்டிருப்பா. காட்டுப் பகுதியில் யானை. நெல் காயப்போட வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், களம் இல்லாதவர்கள் வேறு எங்கே போவார்கள்? ஆனால் உழவு இயந்திரப் பெட்டியின் பின்பக்கம் ஒளிதெறிக்கும் ஸ்ரிக்கர் ஒரு துண்டு ஒட்டுங்கள். பெரிய செலவில்லை. எங்கள் சாரதிக்கு நூறு மீற்றர் முன்னாலேயே தெரியும்.

கம்பியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். நான் ஒழுங்கு பார்க்கத் தொடங்கிய இரண்டாம் வருடம், ஒரு வண்டி புளியங்குளம் தாண்டி மாட்டுக் கூட்டத்துக்குச் சடுதியாகப் பிறேக் அடித்தது. ஏற்றியிருந்தது 16 மில்லிமீற்றர் கம்பி, 12 மீற்றர் நீளம். ஒரு கம்பியே ஏறத்தாழ 19 கிலோ. கட்டுகளின் முன்நுனிக்கும் கபினுக்குப் பின்னால் இருக்கும் முன்பலகைக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி விட்டு ஏற்றியிருக்கிறார்கள். வண்டி நின்றது, கம்பி நிற்கவில்லை. நான் விடியப் போய்ப் பார்த்தபோது நாலு கம்பி முன்பலகையைத் துளைத்து, சாரதியின் தலைக்கு இடப்பக்கம், கிளீனர் தலை சாய்த்துப் படுக்கும் இடத்தால் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. கிளீனர் ஓமந்தையில் தேத்தண்ணி குடித்ததால் நித்திரை வராமல் முன்னால் குனிந்து ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தான். தலையணை அந்தக் கம்பியில் கோர்த்தபடி கிடந்தது. அந்தத் தலையணையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. கயிறு கட்டியிருந்தார்கள், இறுக்கமாகவும் கட்டியிருந்தார்கள். ஆனால் இரும்பின் மேல் இரும்பு வழுக்கும், மழை நனைத்தால் இன்னும் வழுக்கும். கட்டின் நடுவில் இருக்கும் கம்பியைக் கயிறு பிடிக்காது. அன்றையிலிருந்து எங்கள் யாட்டில் கம்பி முன்பலகையோடு முட்டித்தான் ஏறும், அடியில் மரக்கட்டை போட வேண்டும், கயிறு இல்லை, சங்கிலி. நாலைந்து கிலோமீற்றர் ஓடியதும் இறங்கித் திரும்ப இறுக்க வேண்டும், ஏனென்றால் பாரம் குலுங்கி அமர்ந்ததும் சங்கிலி தளரும்.

பக்கற்றில் கட்டாமல் தூளாகச் சீமெந்து கொண்டுவரும் பவுசர்கள், அதாவது தாங்கி லொறிகள், வேறு ரகம். காற்றழுத்தம் கொடுத்துத்தான் சைலோவுக்குத் தள்ளுவார்கள். அழுத்தம் முழுதாக இறங்கியதா என்று மீற்றரில் பார்க்காமல் மேல் மூடியைத் திறக்கக் கூடாது. மூடி தெறித்தால் ஆளையும் கொண்டுபோகும். பக்கற் இறக்குபவர்களுக்கும் ஒன்று: வியர்வையில் நனைந்த தோலில் சீமெந்து ஒட்டினால் அது கடுங்காரம், மெல்ல மெல்ல எரிக்கும். கண்ணில் பட்டால் தேய்க்காமல் தண்ணீரால் நிறைய நேரம் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எல்லாவற்றையும் விட எனக்குக் கவலை தருவது நித்திரை. சாரதி ஓடுகிற நேரத்தை எல்லாரும் எண்ணுகிறார்கள், காத்திருக்கிற நேரத்தை யாரும் எண்ணுவதில்லை. காலையில் வரிசையில் நிறுத்தினால் ஏற்றி முடிய இரவாகும். நான் ஓடிய காலத்தில் ஒரு ஏற்றுமிடத்தில் சாரதிகள் சாய்ந்திருக்க ஒரு வாங்கு கூட இல்லை. வரிசை ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால் ஒரு வண்டி தூரம் நகரும். கண்ணை மூட முடியாது, மூடினால் பின்னால் நிற்பவன் ஹோர்ன் அடிப்பான். பதின்னாலு மணித்தியாலம் அப்படி இருந்துவிட்டு இரவு பதினொன்றுக்குப் படங்கு கட்டிப் புறப்பட்டால், நித்திரை அமுக்குகிற விடியப்புறத்தில் வன்னிக் காட்டின் நேர் வீதி. வளைவும் இல்லை, வெளிச்சமும் இல்லை, கண்ணை எழுப்ப ஒன்றுமே இல்லை. இப்போது எங்கள் வண்டி ஏற்றி முடிய இரவு ஒன்பது தாண்டினால் சாரதி அங்கேயே ஓரமாக நிறுத்திப் படுக்க வேண்டும் என்பது ஒழுங்கு. விடிய நாலரைக்கு எனக்கு ஒரு போன் எடுத்துவிட்டுத்தான் புறப்படுவார்கள்.

மோட்டார் சைக்கிளில் போகும் தம்பிமாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். லொறியின் இடப்பக்க முன்சில்லுக்குப் பக்கத்தில் நீங்கள் நிற்பது சாரதிக்குத் தெரியாது. சந்தியில் லொறி இடப்பக்கம் திரும்ப முதலில் வலப்பக்கம் கொஞ்சம் எடுக்கும். இடம் விடுகிறான் என்று நினைத்து உள்ளே நுழையாதீர்கள். முன்சில்லு உங்களைத் தாண்டினாலும் பின்சில்லு குறுக்கால் வெட்டி வரும்.

மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில், ஏ9 ஓரத்துப் பிள்ளையார் கோயிலடியான முறிகண்டியில் எல்லா வண்டியும் நிற்கும். பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, கச்சான் ஒரு சரை வாங்கிக்கொண்டு ஏறுவது எங்கள் வழக்கம். அந்த நிற்கிற ஐந்து நிமிடத்தை நான் சாரதிகளிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். தேங்காய் உடைத்த கையோடு வண்டியை ஒருக்கால் சுற்றி வர வேண்டும். ஒவ்வொரு சில்லின் நடுவிலும் புறங்கையை வைத்துச் சூடு பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றை விடச் சுட்டால் அங்கே பிறேக் ஒட்டுகிறது, இல்லாவிட்டால் பெயரிங் போகப்போகிறது. இரட்டை ரயரில் உள்ரயரை இரும்புக் கம்பியால் தட்டிப் பார்க்க வேண்டும். காற்று இருந்தால் 'ணங்' என்று துள்ளும், இறங்கியிருந்தால் 'தொப்' என்று அமுங்கும். வெளியில் நின்று பார்த்தால் தெரியாது, ஏனென்றால் பக்கத்து ரயர் பாரத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கும், சூடேறி வெடிக்கும் வரைக்கும்.

போன மாதம் காலை ஏழரைக்கு அங்கேயிருந்து ஒரு பொடியன் போன் எடுத்தான். சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. "அண்ணை, வலப்பக்கம் பின் உள்ரயர் தொப்பெண்டு கேக்குது, மாத்தட்டோ?" என்றான். மாற்று என்றேன். ஒன்றரை மணித்தியாலம் பிந்தித்தான் சீமெந்து பரந்தனுக்குப் போனது. கடைக்காரர் என்னைப் போனில் ஏசினார். கேட்டுக்கொண்டிருந்தேன். பொடியன் பின்னேரம் யாட்டுக்கு வந்து கழற்றிய ரயரை இறக்கி வைத்தான். உள்பக்கச் சுவரில் விரல் நீளத்துக்கு வெடிப்பு, அதற்குள்ளால் கம்பிவலை தெரிந்தது.