சிங்கப்பூரில் சைக்கிள்: எந்தப் பாதைக்கு எந்த விதி?

சிங்கப்பூரில் சாதாரண சைக்கிளுக்குப் பதிவும் வேண்டாம், உரிமமும் வேண்டாம். ஆனால் சக்கரம் எந்தப் பாதையில் உருள்கிறதோ, அந்தப் பாதையின் விதிதான் உங்களுக்கு. வீட்டிலிருந்து எம்ஆர்டி ரயில் நிலையம் போவதற்குள் அது இரண்டு மூன்று முறை மாறிவிடும். தெரியாமல் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

நடைபாதையில் ஓட்டலாம், உச்ச வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர், அதாவது மெதுவோட்டக்காரரின் வேகம். வேகமானி இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு: பத்து மீட்டரைக் கடக்க நான்கு விநாடி ஆனால் சரி, மூன்றில் கடந்தால் மீறல். சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் 25 கிலோமீட்டர் வரை போகலாம்.

2025 ஜூலை 1 முதல் ஒரு மாற்றம். சைக்கிள் பாதையை ஒட்டி, 'பாதசாரிகளுக்கு மட்டும்' என்று தரையில் குறியிட்ட நடைபாதையில் சைக்கிள் ஏறக்கூடாது. மீறினால் 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

தொல்லை பேருந்து நிறுத்தத்தில்தான். அங்கே பாதை குறுகும். பேருந்திலிருந்து இறங்குபவர் கைப்பேசியைப் பார்த்தபடியே குறுக்கே வருவார். இறங்கித் தள்ளுங்கள். பாதசாரி மேம்பாலத்தில் தள்ளிக்கொண்டு போவது கட்டாயமே. 2020இல் 460 கிலோமீட்டராக இருந்த சைக்கிள் பாதைகளை 2030க்குள் சுமார் 1,300 ஆக்குவது அரசின் திட்டம். நீளம் கூடுவது நல்லதுதான். ஆனால் நிறுத்தத்துக்குப் பின்புறமாகப் பாதையைத் திருப்பிவிடுவதும், சந்திப்புகளில் அது அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வதும்தான் ஓட்டுபவருக்கு அதிகம் உதவும்.

சாலையில் இறங்கினால் தலைக்கவசம் கட்டாயம். விரைவுச்சாலையும் சுரங்கச்சாலையும் கூடாது. ஒரே திசையில் குறைந்தது இரண்டு தடங்கள் இருந்தால் மட்டுமே இருவர் பக்கம் பக்கமாக ஓட்டலாம். பேருந்துத் தடம் நடப்பிலிருக்கும் நேரத்தில் அதில் அப்படி ஓட்டக்கூடாது. ஒற்றை வரிசைக் குழுவுக்கு ஐவர், இரட்டை வரிசைக்குப் பத்துப் பேர் உச்சம். இரு குழுக்களுக்கிடையே சுமார் 30 மீட்டர், ஏறக்குறைய இரண்டு விளக்குக்கம்ப இடைவெளி, விடச் சொல்கிறார்கள்.

இரவு 7 முதல் காலை 7 வரை முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரிய வேண்டும். வேலைசெய்யும் கைப்பிரேக் ஒன்றாவது இருக்க வேண்டும். பெடலை நிறுத்தி வண்டியை நிறுத்தும் 'ஃபிக்ஸி' வகைச் சைக்கிள் வைத்திருப்பவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள்.

மின்சைக்கிளின் கதை வேறு. பதிவு, 16 வயது, எழுத்துத் தேர்வு மூன்றும் வேண்டும். மோட்டார் 250 வாட்டுக்குள், எடை 20 கிலோவுக்குள். நடைபாதையில் அதற்கு இடமே இல்லை.

மடக்குசைக்கிளை எம்ஆர்டியில் எந்நேரமும் கொண்டுபோகலாம். மடக்கியபின் 120 x 70 x 40 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும். வாங்கும் முன் கைப்பிடியையும் பெடலையும் சேர்த்தே அளந்துவிடுங்கள். கடைக்காரர் சொல்லும் அளவில் அவை விடுபட்டிருக்கலாம். வாடகை சைக்கிளை விடும்போது நிறுத்துமிடத்தின் கியூஆர் குறியை ஸ்கேன் செய்யாவிட்டால், ஒவ்வொரு முறைக்கும் 5 வெள்ளி பிடிப்பார்கள்.