புவியாக்கம் என்று எழுதுங்கள்

வேறொரு கோளைப் பூமிபோல மாற்றுவதைக் குறிக்கும் 'டெராஃபோமிங்' என்பதற்கு 'நிலச்சீராக்கம்' என்று எழுதுவதை இனியாவது நிறுத்த வேண்டும். இலங்கையின் மலையகத்தில் மேலதிக வகுப்புகளில் கொடுக்கப்படும் விஞ்ஞானக் குறிப்புகளில் இந்தச் சொல் கைமாறிக் கைமாறி ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் படித்த மாணவி ஒருத்தி, "செவ்வாயில் மேடு பள்ளங்களைச் சமப்படுத்தி வீடு கட்டுதல்" என்று கொப்பியில் விளக்கம் எழுதியிருந்தாள். பிள்ளை மீது பிழையில்லை. சொல் சொன்னதைத்தான் அவள் எழுதினாள்.

மூலச்சொல்லின் கதை சிறியது. இலத்தீனில் 'டெரா' என்றால் மண், நிலம், பூமி. அதிலிருந்து பிறந்த சொல்லை 1942இல் அமெரிக்க எழுத்தாளர் ஜாக் வில்லியம்சன் ஒரு புனைகதையில் கையாண்டார். வெள்ளியின் மேகங்களில் பாசியைத் தூவி அதன் காபனீரொட்சைட்டைக் குறைக்கலாம் என்று 1961இல் அமெரிக்க வானியலாளர் கார்ல் சேகன் எழுதியபோது, கருத்து விஞ்ஞானிகளிடம் வந்து சேர்ந்தது. மனிதர் உயிர்வாழ முடியாத கோளின் வளி, அழுத்தம், வெப்பம் ஆகியவற்றைப் பூமியில் உள்ளவாறு மாற்றுதல் என்பதே பொருள்.

இதில் நிலம் எங்கே வந்தது? அகராதியில் 'டெரா'வுக்கு எதிரே 'நிலம்' என்று கண்டவுடன் மொழிபெயர்ப்பாளர் பேனாவை மூடிவிட்டார். மலையகத்தாருக்கு நிலச்சீராக்கம் புதிய சங்கதியா? மண்சரிவுக்குப் பின் கல்கட்டு எழுப்புவதும் கானு வெட்டுவதும் அதுதான். வயதான தேயிலையைப் பிடுங்கி எறிந்து, மானாப்புல்லை நட்டு, ஒன்றரை இரண்டு வருடம் காத்திருந்து மண்ணைத் தேற்றுவதும் அதுதான். வெள்ளைக்காரத் துரைமார் காட்டை அழித்துக் கோப்பி வைத்தார்கள். இலைநோய் கோப்பியைத் தின்றபின் தேயிலை வைத்தார்கள். மலையின் உருவமே மாறியது. ஆனாலும் மூச்சுவிடும் காற்றை யாரும் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கவில்லை.

செவ்வாயில் முதல் வேலையே காற்றுத்தான். நம் நாட்டின் மிக உயர்ந்த மலையான, 2,524 மீற்றர் உயரமான பீதுருதாலகாலை உச்சியில்கூடக் கடல்மட்ட அழுத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு கிடைக்கிறது. செவ்வாயில் கிடைப்பது நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அதிலும் 95 வீதம் காபனீரொட்சைட்டு. அங்கே மேட்டைத் தட்டி, பள்ளத்தை நிரப்பி, நிலத்தை மேசைபோல ஆக்கினாலும் கவச உடையைக் கழற்றியவர் பிழைக்கமாட்டார்.

'கோள் குடியேற்றம்' என்போரும் உண்டு. கூடாரத்துக்குள் காற்றை அடைத்துக்கொண்டு நூறு பேர் வாழ்ந்தால் அது குடியேற்றம். கோள் அப்படியே இருக்கும். வேறு வேலைக்கு உரிய சொல்லை இதற்கு இரவல் வாங்குவது குழப்பத்தையே வளர்க்கும். அத்தோடு, குடியேற்றத் திட்டங்களைப் பற்றி இந்த நாட்டில் தமிழில் எழுதுபவர் அச்சொல்லை இவ்வளவு அலட்சியமாகக் கையாளக் கூடாது.

தனித்தமிழ் அன்பர்கள் 'ஞாலமாக்கம்' என்பார்கள். 'ஞாலம் கருதினும் கைகூடும்' என்ற குறளைப் படித்த எவருக்கும் அந்தச் சொல் மீது ஆசை வரும், எனக்கும் உண்டு. ஆனால் ஞாலம் என்றால் உலகம். செவ்வாயும் ஓர் உலகம்தானே, அதை மறுபடி எப்படி உலகமாக்குவது? 'புவி' வடமொழி வழி வந்தது என்பது உண்மை. ஆயினும் புவியியல், புவியீர்ப்பு என்று பாடசாலைப் பிள்ளையும் அறிந்த சொல் அது. நாம் வாழும் இந்த ஒரு கோளைத் தெளிவாகச் சுட்டுகிறது. இங்கே தெளிவுக்கே என் வாக்கு. புவியாக்கம் என்ற பெயரிலிருந்து புவியாக்கு, புவியாக்கிய கோள் என்று வினையும் எச்சமும் தடையின்றிப் பிறக்கின்றன.

இன்னொரு மனக்குறை: வளிமண்டலம் என்ற அருமையான சொல் பாடநூலில் இருக்க, 'செவ்வாயின் சூழல்' என்று மழுப்பி எழுதுகிறார்கள். சூழல் என்றால் பாறையும் தூசியும் குளிரும் சேர்ந்துவிடும். எதை மாற்றப் போகிறோம் என்பதே வாசகருக்குத் தெரியாமல் போகும்.

2018இல் வெளியான ஆய்வொன்றின் முடிவை இப்படி எழுதலாம்: "இன்றைய தொழில்நுட்பத்தால் செவ்வாயைப் புவியாக்கப் போதிய காபனீரொட்சைட்டு அங்கே இல்லை." இதில் 'நிலத்தைச் சீராக்க' என்று மாற்றிப் போட்டுப் படித்துப் பாருங்கள். நிலத்தைச் சமப்படுத்த வாயு எதற்கு என்று அந்த மாணவி கேட்டால், குறிப்பு எழுதியவர் என்ன பதில் சொல்வார்?