வல்லாரை நல்லதுதான், அது எங்க மொளைச்சதுன்னு பாத்தீங்களா?

இந்த மாசம் இது மூணாவது காமாலை கேஸ். பத்தாப்பு படிக்கிற பையன், கண்ணு ரெண்டும் மஞ்சள், ரெண்டு நாளா சோறு எறங்கல. கூட வந்த ஆச்சி கையில இருந்த பையில அப்பவும் ஒரு பிடி வல்லாரை. பரீட்சை வருதுன்னு ஒரு மாசமா வெறும் வயித்துல பச்சைச் சாறு குடுத்துருக்காங்க. எங்க பறிச்சீங்கன்னு கேட்டா, "பின்வாசல் வாய்க்கால்லதான், ஓடுத தண்ணிதானே டாக்டரம்மா"ங்கிறாங்க.

இந்த 'ஓடுத தண்ணி'யக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போச்சு. தாமிரபரணியில இருந்து பிரியுற எடத்துல வாய்க்கால் நல்லாவே இருக்கட்டும், ஊருக்குள்ள நுழைஞ்சு உங்க வீட்டுக்கு வர்றதுக்குள்ள எத்தனை கக்கூஸ் குழாய் அதுல எறங்குதுன்னு கரையோட ஒருதரம் நடந்து எண்ணிப் பாருங்க. ஓடுறதால அழுக்கு போயிடுமா? மேலத்தெரு அழுக்கு உங்ககிட்ட வருது, உங்களுது கீழத்தெருவுக்குப் போவுது, அவ்வளவுதான். தெளிவா ஓடினாலும் கிருமி கண்ணுக்குத் தெரியாது. வல்லாரை சேத்தோட சேந்து படர்ற கொடி வேற, கணுவுக்குக் கணு வேர் விடும். உப்புத்தண்ணி, மஞ்சத்தண்ணியில எல்லாம் காமாலை வைரஸ் சாகாது. ஒர்க்‌ஷாப் கழிவு கலந்த எடமா இருந்தா வேர் ஈயத்தையும் உறிஞ்சிக்கும், அது கொதிக்க வச்சாலும் போகாது.

பையனுக்குக் கீரையாலதான் வந்துச்சுன்னு நான் சத்தியம் பண்ணல. இந்தக் காமாலை வைரஸ், ஹெபடைட்டிஸ் ஏ, உள்ள போய் 15-லேர்ந்து 50 நாளுக்குள்ள எப்ப வேணா தலைகாட்டும், நடுவுல எத்தனை பானிபூரி தின்னானோ.

"நீங்க சித்தா டாக்டரா இருந்துட்டு நீங்களே வேண்டாங்கியளே"ன்னு பையனோட அப்பா கேக்காரு. ஐயா, நாங்களே மூலிகைய சுத்தம் பண்ணாம மருந்துல சேக்க மாட்டோம்!

வேண்டாம்னு யார் சொன்னா? காம்பு கிள்ளி, நாலு தண்ணியில அலசி, நல்லெண்ணெயில உளுந்தம்பருப்பு, வத்தல், புளி வறுத்து, இலைய நல்லா சுருள வதக்கி, தேங்கா சேத்து தொகையல் அரைங்க. பருப்போட கொதிக்க விட்டு கூட்டும் வைக்கலாம். வாரத்துல ரெண்டு நாள் தாராளமா சாப்பிடுங்க. பச்சைச் சாறு வேண்டாம். பொடியையும் மாத்திரையையும் மாசக்கணக்கா நீங்களா முழுங்காதீங்க, அப்படி எடுத்து ஈரல் கெட்ட கேஸெல்லாம் மருத்துவப் பத்திரிகைகள்ல பதிவாயிருக்கு. மாசமா இருக்கிற பொண்ணுங்க மருந்தா எடுக்கவே கூடாது.

வேரோட ஒரு கொடி கெடைச்சா ஓட்டைப் பக்கெட்டுல நட்டு குழாயடி நிழல்ல வையுங்கம்மா, தொகையலுக்கு அது போதும்.

ஆச்சி பைய வாங்கி குப்பையில போட்டேன். போகும்போது என்கிட்ட சொல்லிக்காமலே போயிட்டாங்க.