லாரி ஓட்டுநருக்குப் பையில் அடங்கும் உடற்பயிற்சி

நெடுந்தூர லாரி ஓட்டுபவர்கள் உடற்பயிற்சி என்று நினைத்ததும் முதலில் வாங்குவது பெரும்பாலும் டம்பெல், இல்லையென்றால் கையில் வைத்து அழுத்தும் ஸ்பிரிங். இரண்டுமே இந்த வேலைக்குப் பொருந்தாதவை. நாள் முழுக்க ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் விரல்களுக்கு இன்னும் இறுக்கிப் பிடிக்கும் பயிற்சி எதற்கு? விரல் நுனிகளைச் சுற்றி ஒரு ரப்பர் வளையத்தை மாட்டி, அதை எதிர்த்து விரல்களை விரிப்பதுதான் அவற்றுக்குத் தேவை. டம்பெல்லின் சிக்கல் வேறு. கட்டிவைக்காத இரும்பு, திடீர் பிரேக்கில் வண்டி போன வேகத்திலேயே முன்னால் பாயும். எடை வேண்டுமானால் 5 லிட்டர் தண்ணீர் கேன் போதும். நிரப்பினால் சுமார் 5 கிலோ வரும், வேலை முடிந்ததும் கொட்டிவிடலாம்.

எதை வாங்குவது என்று யோசிக்கும் முன், இருக்கை நம் உடம்பை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். மணிக்கணக்கில் இடுப்பு மடங்கியே இருப்பதால், தொடையையும் இடுப்பையும் முன்பக்கம் இணைக்கும் தசைகள் சுருங்கி இறுகுகின்றன. பிட்டத் தசைகளுக்கு வேலையே இல்லை. தோள்கள் முன்னால் வந்து மேல்முதுகு கூன் போடுகிறது. இதோடு அதிர்வும் சேர்கிறது. நொடிக்கு சுமார் 4 முதல் 8 தடவை மேலும் கீழுமாக வரும் அதிர்வை, உட்கார்ந்திருக்கும் முதுகெலும்பு தணிப்பதற்குப் பதில் பெரிதாக்குகிறது. லாரி இருக்கையில் வரும் அதிர்வு இந்த எல்லைக்குள்ளும் இதை ஒட்டியும் இருக்கிறது. அதனால் நமக்கு வேண்டிய பயிற்சி மூன்றே வகை: பின்னால் இழுப்பது, இடுப்பை நிமிர்த்துவது, நடப்பது. மார்பையும் கைத்தசையையும் பெருக்கும் பயிற்சிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதற்கு ஒரு சிறு துணிப்பை போதும். இரு முனையிலும் கைப்பிடி உள்ள ரப்பர் டியூப், முழங்காலுக்கு மேல் மாட்டும் குட்டை வளையம், சுருட்டி வைக்கும் பாய், ஒரு டென்னிஸ் பந்து. டியூப், வளையம் இரண்டையும் பேண்ட் என்பார்கள். அதன் நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரு கம்பெனியின் சிவப்பு வேறொன்றின் மஞ்சளுக்குச் சமமாக இருக்கலாம். 15 தடவை இழுக்கும்போது கடைசி மூன்று கஷ்டமாக, ஆனால் உடம்பு கோணாமல் வந்தால் அதுதான் உங்களுக்கான பேண்ட்.

வண்டியை நிறுத்தியதும் நேராகப் பயிற்சியில் இறங்கக் கூடாது. கேபினிலிருந்து குதிக்கவே கூடாது. வண்டியைப் பார்த்தபடி, இரண்டு கையும் ஒரு காலும் அல்லது இரண்டு காலும் ஒரு கையும் எப்போதும் பிடிமானத்தில் இருக்க இறங்குங்கள். பல மணி நேர அதிர்வுக்குப் பிறகு முதுகுத் தசைகள் களைத்திருக்கும். அந்த நேரத்தில் குனிந்து கனம் தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும். ஐந்து நிமிடம் நடந்துவிட்டுத் தொடங்குங்கள்.

முதலில் இழுக்கும் பயிற்சி. டியூபை எதில் மாட்டுகிறோம் என்பது முக்கியம். கேபினுக்குள் ஏறப் பிடிக்கும் கம்பி, மனித எடையைத் தாங்கப் பொருத்தியது. அது ஆடாமல் உறுதியாக இருந்தால் அதில் மாட்டலாம். கண்ணாடியின் தண்டு, கதவின் கைப்பிடி, ஸ்டீயரிங் மூன்றும் வேண்டவே வேண்டாம். வண்டி ஹேண்ட் பிரேக்கில் இருக்க வேண்டும், நீங்கள் வண்டியின் சாலையை ஒட்டாத பக்கம் நிற்க வேண்டும். டியூப் உரசும் இடத்தில் ஒரு துணியைச் சுற்றிவிட்டு, கைப்பிடிகளை நெஞ்சு உயரத்தில் பிடித்து, முதலில் தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் ஒன்றுசேர்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகே முழங்கை பின்னால் வர வேண்டும். மூன்று நொடி எடுத்துத் தளர்த்துங்கள். 12 முதல் 15 தடவை, இரண்டு சுற்று. தோள் காதை நோக்கி ஏறினால் கழுத்துத் தசைதான் வேலை செய்கிறது என்று அர்த்தம். இன்னும் இலகுவான பேண்டுக்கு மாறுங்கள்.

அடுத்து பிட்டத்துக்கு. பாயில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, வளையத்தை முழங்காலுக்குச் சற்று மேலே மாட்டி, முழங்கால்களை லேசாக வெளியே தள்ளியபடி இடுப்பைத் தூக்கி ஐந்து நொடி நிறுத்துங்கள். 12 தடவை. தொடையின் பின்பக்கத் தசை பிடித்துக்கொண்டால் பாதம் தூரத்தில் இருக்கிறது, குதிகாலைப் பக்கத்தில் இழுத்து வையுங்கள். கீழ்முதுகு வலித்தால் அளவுக்கு மேல் தூக்குகிறீர்கள். பிறகு எழுந்து, ஒரு காலைக் கேபினின் படியில் வைத்து, தரையில் ஊன்றிய காலின் பிட்டத்தை இறுக்கி இடுப்பை முன்னால் நகர்த்துங்கள். பக்கத்துக்கு 30 நொடி. ஊன்றிய காலின் தொடைக்கு மேலே இழுப்பு தெரிய வேண்டும். பலர் இங்கே முதுகை வளைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் இறுகிய தசை இறுகியபடியே இருக்கும், முதுகுதான் நோகும்.

பந்து, பிட்டத்திலும் பாதத்தின் அடியிலும் வைத்து ஒரு நிமிடம் உருட்டத்தான். முடிந்ததும் பையில் போட்டு வாயை இறுகக் கட்டுங்கள். தரையில் கிடக்கும் பந்து உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போய் நின்றால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பேண்ட் அறுந்து கண்ணில் அடிபடுவது உண்மையான ஆபத்து. லேடெக்ஸ் ரப்பருக்கு வெயில், சூடு, டீசல், கிரீஸ் எல்லாமே எதிரி. டேஷ்போர்டில் போட்டால் சீக்கிரமே வீணாகிவிடும். ஒவ்வொரு முறையும் லேசாக இழுத்துப் பிடித்து, ஓரத்தில் வெட்டு, வெடிப்பு, பிசுபிசுப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கைப்பிடி சேரும் இடம்தான் பெரும்பாலும் முதலில் விடும். சந்தேகம் வந்தால் தூக்கி எறியுங்கள். நல்ல பேண்டையும் அதன் நீளத்தைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல் இழுக்காதீர்கள், முகத்துக்கு நேராகவும் இழுக்காதீர்கள்.

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு, இரண்டு நாள் தசைப்பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். ஒரேயடியாகப் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனை அதில் இல்லை. லோடு இறங்கும்போது கிடைக்கும் ஏழெட்டு நிமிடமும் சேரும். சாப்பிட்டவுடன் பத்து நிமிடம் நடந்தால் ரத்தச் சர்க்கரை அதிகமாக ஏறாது. எனக்கு இந்த நடைதான் எல்லாக் கருவிகளையும்விடப் பெரியது.

ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு இழுக்க வேண்டாம், இழுக்கும்போது மூச்சை விடுங்கள். அளவு 180/110-ஐத் தொட்டால் பயிற்சியை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இன்சுலின் போடுபவர்களுக்கும் சில வகை சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கும் பயிற்சி முடிந்து சில மணி நேரம் கழித்துக்கூடச் சர்க்கரை இறங்கலாம். வண்டியை எடுக்கும் முன் சோதியுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் இனிப்பு சாப்பிட்டு, அளவு ஏறி, தலை முழுதாகத் தெளியும் வரை ஓட்டாதீர்கள். தூக்கம் வரும்போது பேண்டை எடுத்து இழுப்பதும் வேண்டாம். சில நிமிடம் விழித்தது போல் இருக்கும், களைப்பு அப்படியேதான் இருக்கும்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் அங்கே பந்து உருட்டவோ தேய்க்கவோ கூடாது. ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கூடவே மூச்சுத் திணறினாலோ, முதுகுவலியோடு தொடை இடுக்கு மரத்துப்போய்ச் சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, சரக்கு எங்கே சேர வேண்டியதாக இருந்தாலும் வண்டியை ஓரங்கட்டி ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.