தொல்லை தரும் வீக்கமும் தொல்லை தராத புற்றும்

இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கும் ஐம்பது வயதுக்காரருக்கு முதலில் வரும் பயம், புரோஸ்டேட் புற்றுநோயாக இருக்குமோ என்பதுதான். விடியும்வரை நிம்மதியாகத் தூங்குபவருக்கு அந்த நினைப்பே வருவதில்லை. இரண்டு பேர் கணக்கும் தப்பு. ஏன் தப்பு என்று தெரிய வேண்டுமானால், ஆண்களுக்கு மட்டும் உள்ள அந்த புரோஸ்டேட் சுரப்பியின் உள்ளமைப்பைப் பார்க்க வேண்டும்.

பினாங்கு பாலிக் புலாவில் விளையும் ஜாதிக்காயை நெடுக்கில் பிளந்தால் வெளியே தடித்த சதை, நடுவில் கொட்டை. புரோஸ்டேட்டையும் அப்படி நினைத்துக்கொள்ளலாம். இளவயதில் அதன் எடை சுமார் 20 கிராம். சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால் இருக்கிறது. சிறுநீர் வெளியேறும் குழாய் அதன் நடுவைத் துளைத்துக்கொண்டு போகிறது. வயதாக ஆக வீங்குவது குழாயைச் சுற்றியுள்ள நடுப்பகுதி. அது குழாயை நெருக்கும்போதுதான் சிறுநீர் மெல்லிய தாரையாக வருவதும், விட்டுவிட்டு வருவதும், இரவில் எழுப்புவதும். இந்த வீக்கம் புற்று அல்ல. புற்றாக மாறுவதும் இல்லை.

புற்றுநோய் பெரும்பாலும் தொடங்குவது பின்பக்கமும் ஓரங்களிலும் இருக்கிற வெளிச்சதையில். பத்தில் ஏழு புற்றுகள் அங்கேதான் வருகின்றன. அங்கிருந்து குழாய் தூரம். பட்டாணி அளவுக் கட்டி வளர்ந்தாலும் சிறுநீர் தாராளமாகப் போகும், வலியும் இருக்காது. ஆரம்பநிலைப் புற்று தொல்லை தராமல் இருப்பதற்குக் காரணம் அது முளைக்கும் இடம். தொல்லை வந்த பிறகு டாக்டரைப் பார்க்கலாம் என்று காத்திருப்பவர்கள் தாமதமாகவே வந்து சேர்கிறார்கள். மலேசிய ஆண்களிடையே பெருங்குடல், நுரையீரல் புற்றுகளுக்கு அடுத்து மூன்றாவது இடத்தில் இருக்கும் இந்த நோய், இங்கே பாதிப் பேருக்கு மேல் முற்றிய நிலையில்தான் கண்டுபிடிக்கப்படுகிறது.

நம்மவர்களிடம் இன்னொரு குழப்பமும் உண்டு. இந்நாட்டில் இந்தியர்களுக்குத்தான் இனிப்பு நீர் அதிகம். ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் உடம்பு அதைத் தண்ணீரோடு சேர்த்து வெளியே தள்ளும். இரவில் எழுந்திருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். மருந்துக்கடையில் புரோஸ்டேட் வீக்கத்துக்கு என்று விற்கும் சா பால்மெட்டோ மூலிகை மாத்திரையை வாங்குவதற்கு முன் சர்க்கரை அளவைப் பாருங்கள். ஒழுங்காக நடத்திய பெரிய ஆய்வுகளில் அந்த மாத்திரை வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை.

முற்றிய புற்று முதலில் தேடிப்போவது எலும்பை, அதிலும் முதுகெலும்பையும் இடுப்பெலும்பையும். அறுபது வயதுக்கு மேற்பட்டவருக்குப் புதிதாக வந்த இடுப்பு வலி, படுத்தாலும் குறையாமல் இரவில் கூடினால், எண்ணெய் தேய்த்து உருவிவிட்டுக் காலத்தைக் கடத்தக் கூடாது. அந்த வலியோடு காலில் பலம் குறைவதும் சிறுநீர் அடைத்துக்கொள்வதும் சேர்ந்தால் தண்டுவடம் நசுங்கிக்கொண்டிருக்கலாம். அன்றைக்கே, அந்த மணியே, பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ஒரு நாள் தாமதம் நடையையே பறித்துவிடலாம்.

அறிகுறி வரும் முன் துப்புக் கொடுப்பது பி.எஸ்.ஏ. ரத்தச் சோதனை. பி.எஸ்.ஏ. என்பது புரோஸ்டேட் சுரக்கும் ஒரு நொதி. கெட்டியாக வெளிவரும் விந்தைத் தளர்த்தி நீர்மமாக்குவது அதன் வேலை. சுரப்பியின் திசு ஒழுங்கு குலைந்தால் அது ரத்தத்தில் கூடுதலாகக் கசியும். புற்று அந்த ஒழுங்கைக் குலைக்கும், சாதாரண வீக்கமும் குலைக்கும், கிருமித்தொற்றும் குலைக்கும். அதனால் இந்த எண் உயர்ந்தாலே புற்று என்று முடிவுகட்டக் கூடாது.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கிளினிக்கில் எடுத்த முடிவுத் தாளில் ‘5.8’ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 5.8 நானோகிராம். பக்கத்தில் எல்லை 4 என்று அச்சாகியிருக்கும், எண் தடித்த எழுத்தில் மிரட்டும். புள்ளிவிவரம் சொல்வது இதுதான்: 4 முதல் 10 வரை உள்ளவர்களுக்குத் திசு எடுத்துப் பார்த்தால் நால்வரில் ஒருவருக்கே புற்று இருக்கும். 10-ஐத் தாண்டினால் பாதிக்கு மேல். மறுபக்கம், 4-க்குக் கீழே இருந்தால் கவலையே இல்லை என்றும் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கும் திசு எடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் சுமார் 15 விழுக்காட்டினருக்குப் புற்று இருந்தது.

ஆகவே 5.8 என்றதும் செய்ய வேண்டியது, அந்த எண்ணை ஏற்றிவிட்டது எது என்று விசாரிப்பது. சோதனைக்கு முந்திய இரண்டு நாளுக்குள் விந்து வெளியேறியதா? நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டினாரா? சிறுநீர் எரிச்சலோ காய்ச்சலோ இருந்ததா? அண்மையில் சிறுநீர்க் குழாய் போட்டார்களா? ஆம் என்றால் தொற்றை ஆற்றி, சில வாரம் கழித்து அதே ஆய்வுக்கூடத்தில் மறுபடி எடுக்க வேண்டும். எத்தனையோ பேருக்கு அப்போது எண் தானாகவே இறங்கியிருக்கும்.

எண்ணை இறக்கிக் காட்டுவன இன்னும் ஆபத்து. புரோஸ்டேட் வீக்கத்துக்கும் முடி உதிர்வுக்கும் தரும் ஃபினாஸ்டரைடு மாத்திரையை ஆறு மாதம், ஒரு வருடம் சாப்பிட்டவருக்குப் பி.எஸ்.ஏ. பாதியாகிவிடும். தாளில் 3 என்று இருந்தால் உண்மையில் 6. முடிக்காகச் சாப்பிடுகிறவர் அதைச் சொல்லக் கூச்சப்படுவார். டாக்டரும் கேட்காமல் விட்டுவிடுவார். சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போவது நல்லது. உடல் பருமனும் எண்ணைக் குறைத்துக் காட்டும். ரத்தத்தின் அளவு கூடுதலாக இருப்பதால் நொதி அதில் கரைந்து நீர்த்துப்போகிறது.

இன்னொரு கணக்கு உண்டு, கேட்டு வாங்கத் தகுந்தது. பி.எஸ்.ஏ. எண்ணை, ஸ்கேனில் தெரியும் சுரப்பியின் கன அளவால் வகுப்பது. சுரப்பி 60 மில்லிலிட்டர் என்றால் 5.8-ஐ 60-ஆல் வகுக்க ஏறத்தாழ 0.10 வரும், வீங்கிய சுரப்பி அவ்வளவு கசியவிடுவது இயல்பு. அதே 5.8, சுரப்பி வெறும் 25 மில்லிலிட்டர் என்றால் 0.23. சிறிய சுரப்பி அவ்வளவு கசியவிடக் காரணம் வேண்டும். 0.15-ஐத் தாண்டினால் கவனம் கூடுகிறது.

மலக்குடல் வழியாக விரலை விட்டுப் பார்ப்பதற்குப் பலர் கூச்சப்படுகிறார்கள். முழுதாக அரை நிமிடம்கூட ஆகாது. கையை இறுக மூடிக் கட்டைவிரலின் அடிச்சதையைத் தொட்டுப் பாருங்கள்; நல்ல புரோஸ்டேட் அப்படி இருக்கும். இப்போது விரல் கணுவைத் தொடுங்கள். அந்த மாதிரிக் கடினம்தான் டாக்டர் தேடுவது.

சந்தேகம் நீடித்தால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன். அதில் புற்றுச் சந்தேகத்துக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். 4, 5 என்றால் அந்த இடத்தைக் குறிவைத்து ஊசியால் திசு எடுப்பார்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மலக்குடல் வழியாகத் திசு எடுத்த பிறகு குளிர்க்காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டுப் படுக்காமல் உடனே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும். கிருமி ரத்தத்தில் கலந்திருக்கலாம். விந்தில் சில வாரம் ரத்தக்கறை தெரிவது சகஜம்.

திசுவில் உள்ள புற்று எவ்வளவு முரடு என்பதற்கு கிளீசன் முறையில் 6 முதல் 10 வரை மதிப்பெண். 6 என்றால் மெதுவானது. 7-இல் ஒரு நுணுக்கம்: அதிகமாகக் காணும் வகையின் எண் முதலில் வரும்; அதனால் ‘3+4’ என்பதைவிட ‘4+3’ மோசம், முரட்டுச் செல்கள் அதில் அதிகம். மெதுவான வகைக்கு உடனே அறுவைச் சிகிச்சை தேவைப்படாமல் போகலாம். சுரப்பிக்குள் அடங்கிய புற்றுள்ள 1,643 பேரைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என்று பிரித்து ஏறத்தாழ 15 ஆண்டுகள் பின்தொடர்ந்த பிரிட்டிஷ் ஆய்வில், மூன்று பிரிவிலும் சுமார் 97 விழுக்காட்டினர் இந்த நோயால் சாகவில்லை. ஆனால் கண்காணிப்பு என்றால் தவறாமல் போய்ச் சோதித்துக்கொள்வது; மறந்துவிடுவது அல்ல.

யாருக்கு வரும் என்பதில் வயதே பெரிய காரணம். நாற்பதுக்குள் அபூர்வம். அப்பாவுக்கோ கூடப்பிறந்த ஆணுக்கோ வந்திருந்தால் ஆபத்து இருமடங்கு. நம் குடும்பங்களில் கேட்டால் அப்பா வழியை மட்டும் சொல்வார்கள். அம்மா வழி அதே அளவுக்கு முக்கியம். அம்மாவுக்கோ சின்னம்மாவுக்கோ இளவயதில் மார்பகப் புற்று, பாட்டிக்குச் சூலகப் புற்று, தாய்மாமனுக்கு புரோஸ்டேட் என்று இருந்தால், பி.ஆர்.சி.ஏ.2 மரபணுப் பிழை குடும்பத்தில் ஓடலாம். அது மகனுக்கு வந்தால் புற்று வரும் வாய்ப்பு கூடும், சீக்கிரமும் வரலாம், முரடாகவும் இருக்கலாம்.

புகையும் உடல் பருமனும் வந்த நோயைக் கொடியதாக்குகின்றன. வைட்டமின் ‘இ’ காக்கும் என்று நம்பி 35,000 ஆண்களிடம் சோதித்தார்கள். தினம் 400 யூனிட் சாப்பிட்டவர்களுக்குப் புற்று 17 விழுக்காடு அதிகமாக வந்தது. அந்த டப்பாவை இதற்காக வாங்க வேண்டாம்.

மலேசியாவில் எல்லா ஆண்களையும் அழைத்துச் சோதிக்கும் தேசியத் திட்டம் இல்லை. நாமேதான் டாக்டரிடம் பேச்சை எடுக்க வேண்டும்: பொதுவாக 50 வயதில், குடும்பத்தில் இருந்தால் 45-இல், பி.ஆர்.சி.ஏ.2 பிழை உறுதியானவர் 40-இல். அறுபதாவது வயதில் பி.எஸ்.ஏ. எண் 1-க்குக் கீழே இருப்பவர் இந்த நோயால் இறக்கும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. அவர் அடுத்த சோதனையைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடலாம். அந்தத் தாளை மட்டும் அடையாளக் கார்டோடு பத்திரமாக வைத்திருக்கட்டும், அடுத்த எண்ணை ஒப்பிட அதுதான் வேண்டும்.