தன் வேர்வையில் தானே துருப்பிடிக்கும் சைலன்சர்

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. முதல்முறை கேட்டபோது நான் நம்பவில்லை. ஆனால் கணக்கு எளிது. பெட்ரோல் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருள். எரியும்போது கார்பன் கரியமில வாயுவாகிறது. ஹைட்ரஜன், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடி நீராவியாகிறது. ஒரு கிராம் ஹைட்ரஜன் எரிந்தால் ஒன்பது கிராம் நீர். அத்தனை ஆவியும் மோட்டார் சைக்கிளை விட்டு வெளியேற இருக்கும் ஒரே வழி சைலன்சர்.

நெடுந்தூரம் ஓட்டும்போது குழாய் முழுதும் சூடேறிவிடுவதால் ஆவி ஆவியாகவே போய்விடும். சுமார் 50 டிகிரி செல்சியஸுக்கும் குளிர்ந்த தகட்டில் பட்டால்தான் அது துளியாகிறது. காலையில் வண்டியைக் கிளப்பியதும் பின்முனையில் சொட்டுவது அந்த நீரே. அடுத்த தெருவரை போய் ஐந்து நிமிடத்தில் நிறுத்தினால், சைலன்சரின் வால்பகுதி சூடேறுவதற்குள் என்ஜின் அணைந்துவிடுகிறது. நீர் உள்ளேயே தேங்குகிறது. அது வெறும் நீரும் அல்ல. கரியமில வாயு, நைட்ரஜன் ஆக்சைடுகள், பெட்ரோலில் எஞ்சியிருக்கும் சொற்பக் கந்தகத்தின் புகை எல்லாம் கரைந்த மெல்லிய அமிலம். அதில் ஊறிய இரும்பு துருவாகும்போது இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கிறது. இடம் போதாமல் செதில் செதிலாக உரிகிறது. உரிந்த இடத்தில் புது இரும்பு அமிலத்துக்கு அகப்படுகிறது.

ஆகவே, வெளியே துரு தெரியும் நாளில் உள்ளே பாதி வேலை முடிந்திருக்கும். என் பழைய வண்டியின் சைலன்சரைத் தேய்த்து, வெப்பம் தாங்கும் கறுப்புப் பெயின்ட் அடித்து, சில வாரம் பெருமைப்பட்டேன். அடுத்த மழைக்காலத்தில் அந்தப் பெயின்டோடு சேர்ந்தே தகடு உதிர்ந்தது.

பழுது பார்ப்பதா, மாற்றுவதா என்று முடிவுசெய்யப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஆறிய சைலன்சரின் அடிப்பக்கத்தை ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த தகடு மொத்தென்று அடங்கும். அடுத்து, கழற்றிக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே அறைகளைப் பிரிக்கும் தடுப்புத் தகடுகளும் துளையிட்ட குழாய்களும் இருக்கின்றன. ஒலியலைகளை அங்குமிங்கும் எதிரொலிக்க வைத்து, ஒன்றையொன்று தணித்துக்கொள்ளச் செய்பவை அவைதாம். அவை கழன்று கடகடவென்று உருண்டால் வெளி ஓட்டை அடைத்துப் பயனில்லை. இன்னொன்று: பல சைலன்சர்களின் அடியில் நீர் வடிவதற்கென்றே வைத்த சிறு துளை உண்டு. விளிம்பு வட்டமாக, சுத்தமாக இருக்கும். அதைத் துருவின் ஓட்டை என்றெண்ணி அடைத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். சைலன்சரை விரைவில் கொல்ல அதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது.

தடுப்புகள் உறுதியாக இருந்து, ஓட்டை ஒன்றிரண்டு மட்டும் என்றால் வெல்டிங் உதவும். துருவின் மேல் வெல்டிங் பிடிக்காது. மெலிந்த தகடு உருகி ஓட்டை பெரிதாகும். பளபளக்கும் இரும்பு தெரியும்வரை வெட்டியெடுத்து, அதைவிடப் பெரிய ஒட்டுத் தகட்டை வைக்க வேண்டும். அந்த ஒட்டு, துத்தநாகம் பூசிய தகடாக இருக்கவே கூடாது. துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்கும். இரும்பு உருக ஏறத்தாழ 1,500 டிகிரி வேண்டும். இரும்பு இளகுவதற்குள் துத்தநாகம் புகையாகிவிடும். அதைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரலாம். வெப்பத்தில் இறுகும் சைலன்சர் பசை, குழாய் இணைப்புகளில் கசிவை நிறுத்தும். அரித்த தகட்டில் பூசினால் தகடு மேலும் உதிர்ந்து பசையையும் இழுத்துக்கொண்டு விழும்.

புதிது வாங்குவதென்றால் உலோகத்தைக் கேட்டு வாங்குங்கள். துருப்பிடிக்காத எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். அது கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலமாகி இரும்பைக் காக்கிறது. கீறல் விழுந்தால் படலம் தானே மீண்டும் வளரும். குரோம் முலாம் பூசிய சாதா இரும்புக்கு உள்பக்கத்தில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. பழையதில் நச்சுப்புகையைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருந்தால் புதியதிலும் இருக்க வேண்டும். இல்லையேல் வண்டி நச்சுப்புகையை அப்படியே கக்கும்.

மாட்டும்போது என்ஜின் வாயில் கசிவைத் தடுக்கும் வளையமான பழைய கேஸ்கட்டைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதிதைப் போடுங்கள். எல்லா போல்ட்டுகளையும் முதலில் கையால் திருகிவிட்டு, என்ஜின் பக்கத்தை இறுக்கிய பிறகே பின் தாங்கியை இறுக்க வேண்டும். வரிசை மாறினால் குழாய் முறுக்கிக்கொண்டு நிற்கும். அதிர்வில் விரிசல் அங்கேதான் தொடங்கும். இணைப்பு கசிந்தால் ஆக்சிலேட்டரை விடும்போது காற்று உள்ளே புகுந்து, எரியாத பெட்ரோல் குழாய்க்குள்ளேயே பட்பட்டென்று வெடிக்கும்.

என்ஜினைக் கிளப்புவதற்கு முன் ஒரு துணியால் முழுக்கத் துடைத்துவிடுங்கள். விரல்களின் எண்ணெய்ப் பசை சூட்டில் வெந்து, உங்கள் கைரேகை பளபளப்பான உலோகத்தில் பழுப்பாகப் பதிந்துவிடும்.