பஞ்சாயத்து ஆபீஸ் வரை வந்த ஃபைபர்

இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. கேரளத்து இடுக்கி மாவட்டத்தில் வண்டிப்பெரியாறு, ஏலப்பாறைப் பக்கத்து எஸ்டேட்டுகளிலிருந்து விடிகாலையிலேயே போன் வரும். “தம்பி, செவப்பு லைட்டு எரியுது” என்பார்கள். வேறு விவரம் இருக்காது, தேவையும் இல்லை. மோடத்தில் ‘லாஸ்’ (LOS) என்று எழுதிய இடத்தில் சிவப்பு எரிந்தால் ஃபைபரில், அதாவது கண்ணாடி இழைக் கேபிளில், வெளிச்சம் வந்து சேரவில்லை என்று அர்த்தம். மரம் விழுந்திருக்கும், குரங்கு கடித்திருக்கும், இல்லையென்றால் ரோட்டு வேலைக்கு வந்த ஜேசிபி இழுத்திருக்கும்.

எனக்குச் சொந்த ஊர் கம்பம். கேபிள் டிவி லைன்மேனாகக் குமுளிக்கு வந்தவன், அந்தத் தொழில் படுத்ததும் ஃபைபர் இணைய வேலைக்கு மாறினேன். மலைக்கு வந்து 18 வருஷமாகிறது. இன்றைக்கும் நான் மல்லுக்கட்டுவது போஸ்ட்டோடுதான். கம்பத்துக்காரனுக்குக் கம்பம்தான் தலைவிதி என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஜூனில் நடந்ததைச் சொல்கிறேன். எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடான லயம் ஒன்றில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர், மகளுக்காகக் கடன் வாங்கி இணைப்பு எடுத்திருந்தார். ப்ளஸ் ஒன் சேர்க்கைக்கான ‘ஏகஜாலகம்’ (ஒற்றைச் சாளர முறை) அலாட்மென்ட்டை இணையத்தில் பார்க்க வேண்டிய நாளில் சிவப்பு லைட். போய்ப் பார்த்தால் தப்பு என்னுடையது. வீட்டு மூலையில், போஸ்ட்டிலிருந்து வீட்டுக்கு வரும் ட்ராப் கேபிளை ஆணியைச் சுற்றி நெருக்கி மடக்கியிருந்தேன். ஃபைபருக்குள் ஓடுவது வெளிச்சம். குறுக்கி மடக்கினால் அது வளைவிலேயே கசிந்துவிடும். வெளிச்சத்தை அளக்கும் பவர் மீட்டரில் மைனஸுக்குப் பின்னால் எண் கூடக் கூட வெளிச்சம் குறைவு. வெயில் காலத்தில் அது மைனஸ் 25 காட்டியது, ஓடுகிறதே என்று விட்டுவிட்டேன். மைனஸ் 27-க்குக் கீழே போனால் பெரும்பாலான மோடம்கள் கைவிட்டுவிடும். மழையில் இன்னும் கொஞ்சம் இறங்கியது, நின்றுவிட்டது. நான் சரிசெய்து முடிப்பதற்குள் அம்மாவும் மகளும் ஜீப் பிடித்து, கேரள அரசின் இ-சேவை மையமான அட்சயாவுக்குப் போயிருந்தார்கள். அக்காவுக்கு அன்றைய கூலி போச்சு.

அதனால்தான் சொல்கிறேன், புது இணைப்புக் கொடுக்க வரும் பையனிடம் “மீட்டர்ல எவ்வளவு வருது?” என்று கேளுங்கள். மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. 25 என்று சொன்னால் ஃபைபரை இன்னொரு தடவை ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கோபப்படுவான், படட்டும்.

சரி, பெரிய கதைக்கு வருவோம். நாட்டின் ஒவ்வொரு கிராமப் பஞ்சாயத்துக்கும் ஃபைபர் என்ற திட்டத்துக்கு மத்திய அரசு 2011-இல் ஒப்புதல் தந்தது. 2015-இல் அதற்குப் பாரத்நெட் என்று பெயர் மாறியது. இலக்கு சுமார் 2.5 லட்சம் பஞ்சாயத்துகள். 2017 கடைசியில் முதல் 1 லட்சம் முடிந்தது என்றார்கள். தொடக்கத்தில் பெரும்பாலும் ஒற்றைக் கோடாக இழுத்தார்கள். நடுவில் ஒரு இடத்தில் அறுந்தால் அதற்கப்பால் இருப்பவர்களுக்கு எதுவும் இல்லை. 2023 ஆகஸ்டில் 1.39 லட்சம் கோடி ரூபாயில் திருத்திய திட்டம் வந்தபோதுதான் வளையமாக இழுப்பது என்று முடிவானது. ஒரு பக்கம் அறுந்தால் மறு பக்கமாகச் சுற்றி வரும். மலையில் வேலை செய்கிறவர்களைக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்போம்.

இந்தக் கணக்கில் எல்லைக்காரர்களுக்கு மட்டும் கண்ணில் படுகிற ஒரு விஷயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 12,525 கிராமப் பஞ்சாயத்துகள் என்று கணக்கு. கேரளத்தில் 941. மலைக்குக் கீழே பஞ்சாயத்து ஆபீசுக்கு ஃபைபர் வந்தால் ஊருக்கு வந்த மாதிரிதான், சைக்கிளில் எட்டிவிடலாம். மேலே ஒரு பஞ்சாயத்துக்குள் பல எஸ்டேட்டுகள், நாலைந்து மலைச்சரிவுகள். ‘பஞ்சாயத்து இணைக்கப்பட்டது’ என்று காகிதத்தில் டிக் விழுந்த அதே நாளில், லயத்துப் பிள்ளைகள் சிக்னலுக்காகத் தேயிலைக் காட்டு மேட்டில் ஏறி நின்றுகொண்டிருப்பார்கள்.

கேரள அரசின் ஃபைபர் இணையத் திட்டமான கே-ஃபோன் 2023 ஜூன் 5 அன்று தொடங்கியது. மின்வாரியத்தின் கோபுரங்களையும் போஸ்ட்டுகளையும் பயன்படுத்தி ஃபைபர் கொண்டுபோனது நல்ல யோசனை. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசம் என்பது இலக்கு. முதல் சுற்றில் சட்டமன்றத் தொகுதிக்கு 100 வீடு, மொத்தம் 14,000. காசு கட்டுபவர்களுக்குத் தொடக்கத்தில் அறிவித்த குறைந்த திட்டம் 20 எம்பிபிஎஸ் வேகத்துக்கு மாதம் 299 ரூபாய். ஆந்திரத்தில் 2017-லேயே டிவி, போன், இணையம் மூன்றும் சேர்த்து 149 ரூபாய் என்று அறிவித்தார்கள். சித்தூர்ப் பக்கம் சொந்தக்காரர் இருப்பவர்கள் அதைச் சொல்லி என்னிடம் சண்டைக்கு வருவதுண்டு.

விலை என்றதும் எல்லோரும் மாதக் கட்டணத்தைத்தான் பார்க்கிறார்கள். 299-க்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தால் 353. ஆறு மாதத்துக்குச் சேர்த்துக் கட்டு என்றால் 2,100-க்கு மேல். அப்புறம் மோடத்துக்கு டெபாசிட், கேபிள் மீட்டர் கணக்கு, போஸ்ட் இல்லாத இடத்தில் போஸ்ட். மாதம் 350 ரூபாய் கட்டக்கூடிய வீடு, முதல் நாள் 5,000 ரூபாய் கேட்டால் கட்டாது. ஏழைகளுக்கான இணையம் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த முதல் நாளில்தான் என்பது என் அனுபவம். மானியம் கொடுப்பதானால் அங்கே கொடுக்க வேண்டும். டெபாசிட் வாங்குபவர்களிடம் திருப்பித் தரும் தொகை எவ்வளவு என்று ரசீதில் எழுதி வாங்கிவிடுங்கள். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் அப்படி எழுதித் தராததால், ஆபீசை மூடியபோது டெபாசிட் கேட்டு வந்தவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

லயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. வீடு எஸ்டேட்டுடையது. நிலமும் அவர்களுடையது. போஸ்ட் நட மேனேஜர் சம்மதிக்க வேண்டும். ரேஷன் கார்டு தேனி மாவட்ட முகவரியில் இருக்கும், ஆள் 20 வருஷமாக இங்கே இருப்பார். இணைப்பு எடுக்கப்போனால் முகவரிச் சான்று எங்கே என்று கேட்பார்கள். அதே ஆள் முதியோர் பென்ஷனுக்குக் கீழே இறங்கி இ-சேவை மையம், பிள்ளையின் சான்றிதழுக்கு மேலே அட்சயா என்று இரண்டு மாநிலத்துக்கும் அலைவார். இரண்டுமே இப்போது இணையத்தில்தான் ஓடுகின்றன.

“போன்ல நெட் இருக்கே, அப்புறம் என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், இந்தியாவின் பிராட்பேண்ட் இணைப்புகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் மொபைல்தான். ஆனால் வீட்டில் இருக்கும் ஒரே போன் அப்பாவோடு ஏலக்காட்டுக்குப் போய்விடும். சாயங்காலம் அவர் திரும்பியதும் மூன்று பிள்ளைகள் அதற்கு வரிசையில் நிற்பார்கள். 2019 செப்டம்பரில், கோழிக்கோடு மாவட்டக் கல்லூரி விடுதி மாணவி ஒருவரின் வழக்கில், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையோடு சேர்ந்தது என்று கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2025 ஆகஸ்டில் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலமாகக் கேரளம் அறிவிக்கப்பட்டது. லயத்துப் பாட்டிக்கும் இப்போது வீடியோ கால் போடத் தெரியும். லைன்தான் இல்லை.

பத்து வீடு ஒரே வரிசையில் ஒட்டியிருக்கும் லயத்துக்குப் பத்து இணைப்பு தேவையே இல்லை. 2020 டிசம்பரில் வந்த பிஎம்-வாணி என்ற மத்திய அரசின் பொது வைஃபை திட்டத்தில் டீக்கடைக்காரர்கூட லைசென்ஸோ பதிவுக் கட்டணமோ இல்லாமல் வைஃபை விற்கலாம். இது சரியாக ஓடாததற்குக் காரணம், கம்பெனிகள் கடைக்காரரிடம் பெரிய ஆபீசுக்கான லீஸ்டு லைன் விலை கேட்டது. 2025 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதற்குக் கடிவாளம் போட்டது. 200 எம்பிபிஎஸ் வரை, வீட்டு இணைப்பு விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக்கூடாது. இதைப் பல ஏஜென்ட்டுகள் வாயைத் திறந்து சொல்வதில்லை, நீங்கள்தான் கேட்க வேண்டும். ஒரு வீட்டு இணைப்பின் பாஸ்வேர்டை லயம் முழுக்கக் கொடுத்து ஆளுக்கு 50 ரூபாய் வாங்குவது வேறு விஷயம். யாராவது தப்புக் காரியம் செய்தால் போலீஸ் வருவது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டுக்கு.

அந்த அக்காவின் லயத்தில் இப்போது வரிசைக் கடைசியில் இருக்கும் கடையில் பிஎம்-வாணி வைஃபை பெட்டி ஒன்று வைக்கப்போகிறோம். தகரக் கூரையைத் தாண்டி வைஃபை ஏறாது என்பதால் பெட்டியைத் திண்ணைப் பக்கம், தலைக்கு மேல் உயரத்தில் மாட்டுகிறோம். மழையில் கரண்ட் போனாலும் இரண்டு மணி நேரம் தாங்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றைக் கடைக்காரர் வாங்கிவிட்டார். மூன்று போஸ்ட்டுக்கு எஸ்டேட் ஆபீசில் மனு கொடுத்து ஐந்து வாரம் ஆகிறது. மேனேஜர் லீவில் இருக்கிறாராம். மே மாதம் முடிவதற்குள் நட்டுவிட வேண்டும், மழை விழுந்தால் அந்தச் சரிவில் குழி நிற்காது.